பிந்திய முடிவும் வேண்டாத அவசரமும்

அமெரிக்கக் கல்லூரிகளில் ஆங்கில இலக்கியமோ வரலாறோ பொருளாதாரமோ படித்துக்கொண்டிருக்கும் மாணவர்களில் சிலர், மூன்றாம் ஆண்டின் நடுவில், மருத்துவராவது என்று முடிவு செய்கிறார்கள். இவர்கள் பள்ளியில் அறிவியலை வெறுத்தவர்கள் அல்லர். அது தமக்குரிய வழி என்று எண்ணாதிருந்தவர்கள். நோயுற்ற பாட்டிக்குத் துணையாக மருத்துவமனையில் கழித்த சில வாரங்களோ, விடுமுறையில் பார்த்த ஒரு தன்னார்வப் பணியோ, படித்த ஒரு புத்தகமோ மனத்தை மாற்றியிருக்கலாம். காரணம் எதுவாயினும், முடிவெடுத்த மறுநாள் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி ஒன்றாகவே இருக்கிறது: 'இதை எவ்வளவு சீக்கிரம் முடிக்கலாம்?' இந்தக் கேள்வியிலிருந்து தொடங்கும் பாடத்திட்டம் பெரும்பாலும் கெடுதலிலேயே முடிகிறது என்பது என் கருத்து. முடிவு பிந்தியது பிழையில்லை. பிந்தியதை ஈடுகட்ட விரையும் அவசரமே ஆபத்தானது.

இலக்கியம் பேசும் இடத்தில் இது எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். காரணம் இரண்டு. பிந்தி முடிவெடுப்பவர்களில் பலர் இலக்கியமும் கலைகளும் பயில்பவர்கள். அவர்களுடைய அவசரத்துக்கு முதலில் பலியாவது அவர்கள் படித்துக்கொண்டிருக்கும் இலக்கியமே. இரண்டாவது, நம் வாசகர்களில் அமெரிக்காவில் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் பெற்றோர் உண்டு. தாம் வளர்ந்த ஊரின் கல்வி முறையை அளவுகோலாகக் கொண்டே அவர்கள் இந்த முடிவை அளக்கிறார்கள். அந்த அளவுகோல் அங்கே பொருந்துவதில்லை.

தமிழ்நாட்டில் மருத்துவப் படிப்பு பன்னிரண்டாம் வகுப்பு முடிந்தவுடன் தொடங்குவது. பதினேழு, பதினெட்டு வயதில் அந்தக் கதவு திறக்கிறது. திறக்காவிட்டால் ஓரிரு ஆண்டுகள் மீண்டும் தட்டிப் பார்க்கிறார்கள். பிறகு வேறு வழி தேடிப் போகிறார்கள். விதிகள் இப்போது சற்றே நெகிழ்ந்திருக்கின்றன என்பது உண்மை. 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் நீட் தேர்வுக்கான உச்ச வயது வரம்பை நீக்கியது. பள்ளியில் உயிரியல் படிக்காதவர்கள் பின்னர் அதைக் கூடுதல் பாடமாக எழுதித் தேறலாம் என்று 2023 நவம்பரில் அறிவித்தது. ஆயினும் பி.ஏ. படித்துக்கொண்டிருக்கும் ஒருவர் அவ்வழியே செல்ல வேண்டுமானால் பள்ளிப் பாடத்துக்கே திரும்ப வேண்டும். கல்லூரியில் கற்றது எதுவும் கணக்கில் வராது. இச்சூழலில் வளர்ந்த தந்தையின் காதில், இருபது வயது மகள் 'நான் டாக்டருக்குப் படிக்கலாம் என்று நினைக்கிறேன்' என்று சொன்னால், 'மூன்று வருஷத்தை வீணாக்கிவிட்டேன்' என்றுதான் அது விழும்.

அமெரிக்க முறையின் அடித்தளமே வேறு. அங்கே மருத்துவக் கல்லூரி என்பது இளங்கலைப் பட்டத்துக்குப் பிறகான நான்காண்டுப் படிப்பு. பட்டம் எந்தத் துறையிலும் இருக்கலாம். 'ப்ரீமெட்' என்பது ஒரு துறையின் பெயரன்று. எந்தத் துறை மாணவரும் தம் பட்டப் படிப்போடு சேர்த்துப் படிக்க வேண்டிய சில அறிவியல் பாடங்களின் தொகுப்பு. உயிரியல் ஓராண்டு, பொது வேதியியல் ஓராண்டு, கரிம வேதியியல் ஓராண்டு, இயற்பியல் ஓராண்டு; இவை பெரும்பாலும் ஆய்வகத்துடன். அவற்றோடு உயிர்வேதியியல் ஒரு பருவம். நுழைவுத் தேர்வை உத்தேசித்து உளவியல், சமூகவியல், புள்ளியியல் ஆகியவற்றில் ஓரளவு பழக்கம். பல மருத்துவக் கல்லூரிகள் ஆங்கில எழுத்துப் பயிற்சியையும் கேட்கின்றன; இலக்கிய மாணவருக்கு அது ஏற்கெனவே கைவசம் இருக்கும். கல்லூரிக்குக் கல்லூரி இந்தப் பட்டியலில் சிறு வேறுபாடுகள் உண்டு. சேர விரும்பும் கல்லூரிகளின் நிபந்தனைகளைத் தனித்தனியே பார்த்துக்கொள்வது அவசியம்.

இந்தப் பட்டியலுக்கு ஒரு வரலாறு உண்டு. 1893இல் தொடங்கிய ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவக் கல்லூரி இளங்கலைப் பட்டத்தை நுழைவுத் தகுதியாக வைத்தது. அக்காலத்து அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் பலவற்றில் கட்டணம் செலுத்துவதற்கு மேல் பெரிய தகுதி எதுவும் கேட்கப்படவில்லை. பிறகு கார்னகி அறக்கட்டளையின் சார்பில் ஆபிரகாம் ஃப்ளெக்ஸ்னர் என்பவர் அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்த 155 மருத்துவக் கல்லூரிகளை ஆராய்ந்து 1910இல் ஓர் அறிக்கை வெளியிட்டார். வேதியியல், உயிரியல், இயற்பியல் ஆகியவற்றைக் கல்லூரி அளவில் படித்தவரே மருத்துவம் படிக்க வர வேண்டும் என்ற கருத்து அவ்வறிக்கையினால் வலுப்பெற்றது. தரமற்ற பல கல்லூரிகள் மூடப்பட்டன. கறுப்பினத்தவருக்கான ஏழு கல்லூரிகளில் ஹோவர்டு, மெஹாரி என இரண்டு மட்டுமே எஞ்சின என்பது அதே அறிக்கையின் இருண்ட விளைவு. நம் பேச்சுக்கு உரிய செய்தி வேறொன்று. மருத்துவ மாணவருக்கு அறிவியல் முன்படிப்பை வலியுறுத்திய இந்த ஃப்ளெக்ஸ்னர் மருத்துவர் அல்லர். கிரேக்க, லத்தீன் செவ்விலக்கியம் பயின்று பட்டம் பெற்ற பள்ளி ஆசிரியர். இலக்கியம் படித்தவர் மருத்துவத்துக்கு அந்நியர் என்று எண்ணுவோர் இதைச் சற்று நினைத்துப் பார்க்கலாம்.

இனிப் பாடத்திட்டத்துக்கு வருவோம். பாடங்களின் எண்ணிக்கையைப் பார்த்தால் பத்துப் பன்னிரண்டுதான். மூன்று பருவங்களில் அடைத்துவிடலாம் என்று தோன்றும். தடை எண்ணிக்கையில் இல்லை, வரிசையில் இருக்கிறது. பொது வேதியியல் இரண்டு பருவம் முடித்தால்தான் கரிம வேதியியலுக்குள் நுழைய முடியும். கரிம வேதியியலின் ஒரு பருவத்தையாவது, பல இடங்களில் இரண்டு பருவங்களையும், முடித்தால்தான் உயிர்வேதியியலைத் தொட முடியும். ஆக, வேதியியல் சங்கிலி மட்டும் நான்கைந்து பருவ நீளம். எத்தனை கெட்டிக்காரராக இருந்தாலும் இரண்டாம் கண்ணியை முதற்கண்ணிக்கு முன் கோக்க முடியாது. உயிரியலும் இயற்பியலும் இந்தச் சங்கிலிக்குப் பக்கத்தில் எங்கு வேண்டுமானாலும் வைக்கத்தக்கவை. திட்டமிடுவோர் முதலில் வேதியியலை எழுதிக்கொண்டு, மற்றவற்றை அதன் இருபுறமும் அடுக்க வேண்டும்.

மூன்றாம் ஆண்டின் நடுவில், ஒரு ஜனவரி மாதத்தில், ஓர் இலக்கிய மாணவி முடிவெடுக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவளுக்கு எஞ்சியிருப்பவை மூன்று பருவங்கள். பொது வேதியியலின் முதற்பகுதியைப் பல கல்லூரிகள் இலையுதிர்காலப் பருவத்தில்தான் தொடங்குகின்றன. ஆகவே அந்த ஜனவரியில் அவளால் செய்யக்கூடியவை புள்ளியியலும் உளவியலும்தான். இதற்குப் பிறகு மூன்று வழிகள் இருக்கின்றன.

முதலாவது விரைவு வழி. கோடையிலேயே பொது வேதியியலின் இரு பகுதிகளையும் முடிப்பது. கடைசி ஆண்டில் கரிம வேதியியல், உயிரியல், இயற்பியல் மூன்றையும் ஆய்வகங்களுடன் ஒன்றாகப் படிப்பது. உயிர்வேதியியல் படிக்காமலேயே நுழைவுத் தேர்வு எழுதுவது. பட்டம் பெற்ற அடுத்த மாதமே விண்ணப்பிப்பது. விண்ணப்பம் ஜூனில் சென்றால் வகுப்பு தொடங்குவது மறு ஆண்டின் ஜூலை, ஆகஸ்டில்தான். இடையில் நேர்காணல்களும் காத்திருப்பும். அதாவது எத்தனை விரைந்தாலும் ஓராண்டு இடைவெளி எப்படியும் உண்டு.

இரண்டாவது நிதான வழி. கோடைப் பாடம் எதுவும் இல்லை. கடைசி ஆண்டில் பொது வேதியியலும் உயிரியலும். பட்டம் பெற்ற மறு ஆண்டு கரிம வேதியியலும் இயற்பியலும். அதற்கடுத்த இலையுதிர்காலத்தில் உயிர்வேதியியல். பிறகு தேர்வும் விண்ணப்பமும். பட்டத்துக்கும் மருத்துவ வகுப்புக்கும் இடையே மூன்றாண்டுகளுக்கு மேல் ஆகும்.

மூன்றாவது இடைவழி. கோடையில் பொது வேதியியல் மட்டும், வேறு எதுவும் இல்லாமல். கடைசி ஆண்டில் கரிம வேதியியலும் உயிரியலும், தன் இலக்கியப் பாடங்களோடு. பட்டம் பெற்ற பின் ஓராண்டில், பாதி நேரம் வேலை பார்த்துக்கொண்டு, இயற்பியலும் உயிர்வேதியியலும். அந்த ஆண்டின் இறுதியில் தேர்வு, ஜூனில் விண்ணப்பம். பட்டத்துக்கும் வகுப்புக்கும் இடையே இரண்டாண்டுகளும் சில மாதங்களும். ஒரே நேரத்தில் இரண்டு ஆய்வகப் பாடங்களுக்கு மேல் இல்லை என்பது இதன் சிறப்பு. அறிவியலில் இடைவெளி விழுந்த மாணவருக்கு நான் பரிந்துரைப்பது இதையே. வேதியியல் அடிப்படை மிகவும் தளர்ந்திருந்தால் இரண்டாவது வழியை எடுத்துக்கொள்வதில் வெட்கம் ஏதும் வேண்டியதில்லை.

முதல் வழிக்கும் மூன்றாம் வழிக்கும் வேறுபாடு ஓராண்டுதான். அந்த ஓராண்டை மிச்சம் பிடிக்க முயல்பவர் பணயம் வைப்பது எதை என்று பார்க்க வேண்டும். 2023இல் அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளுக்கு ஏறத்தாழ 52 ஆயிரம் பேர் விண்ணப்பித்தார்கள். சேர்ந்தவர்கள் ஏறத்தாழ 23 ஆயிரம் பேர். சேர்ந்தவர்களின் சராசரி ஜிபிஏ நான்குக்கு 3.77. இது விண்ணப்பித்தவர்களின் சராசரி அன்று, இடம் கிடைத்தவர்களின் சராசரி. அறிவியல் பாட மதிப்பெண்களைத் தனியே கணக்கிட்டுப் பார்க்கும் வழக்கமும் உண்டு. உயிரியல் துறை மாணவருக்கு அந்தக் கணக்கில் இருபது முப்பது பாடங்கள் இருக்கும்; ஒரு பருவத்துச் சறுக்கல் அதில் கரைந்துவிடும். பிந்தி வந்த இலக்கிய மாணவிக்கு இருப்பவை பத்துப் பாடங்கள். அதில் இரண்டு 'சி' விழுந்தால் கணக்கே சாய்ந்துவிடும். மீண்டும் எழுதிக்கொள்ளலாம் என்பதும் தீர்வாகாது. மருத்துவக் கல்லூரிகளின் பொது விண்ணப்ப முறையில் ஒரு பாடத்தை இரண்டு முறை படித்தால் இரண்டு மதிப்பெண்களும் சேர்த்தே எண்ணப்படுகின்றன. பிந்திய மதிப்பெண்ணை மட்டும் எண்ணும் சலுகையை ஆஸ்டியோபதி மருத்துவக் கல்லூரிகளின் விண்ணப்ப முறை வைத்திருந்தது. அதுவும் 2017இல் கைவிடப்பட்டது. ஆக, இந்தப் பத்துப் பாடங்களும் ஒரே முறை எழுதும் ஏடுகள். அவற்றை மூச்சுமுட்டிக்கொண்டு எழுதலாமா?

நுழைவுத் தேர்வுக்கும் இதே நியாயம் பொருந்தும். எம்கேட் எனப்படும் அத்தேர்வு இடைவேளைகளையும் சேர்த்து ஏழரை மணி நேரம் நடப்பது. 2015இல் மாற்றியமைக்கப்பட்டது முதல் அதில் நான்கு பகுதிகள் உள்ளன. உயிர்வேதியியலுக்கும் சமூக அறிவியலுக்கும் கணிசமான இடம் வந்துவிட்டது. உயிர்வேதியியல் படிக்காமல் அதற்குள் போவது நீந்தத் தெரியாமல் கிணற்றில் குதித்துப் பார்ப்பதைப் போன்றது. நான்கில் ஒரு பகுதி முழுவதும் வாசிப்பு: இலக்கியம், தத்துவம், வரலாறு, சமூகம் சார்ந்த ஒன்பது உரைப்பகுதிகள், 53 வினாக்கள், தொண்ணூறு நிமிடங்கள். முன்னறிவு எதுவும் தேவையில்லை. படித்ததைச் சரியாகப் புரிந்துகொள்வதே சோதிக்கப்படுகிறது. அறிவியல் மாணவர்கள் பலர் அஞ்சுவது இந்தப் பகுதியைத்தான். மூன்றாண்டுகள் நாவலும் கட்டுரையும் வாசித்தவருக்கு இங்கே ஓர் அனுகூலம் இருக்கிறது. அதைக் கொண்டு மற்ற மூன்று பகுதிகளையும் ஒப்பேற்ற முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நிதானத்துக்கு எதிராகச் சொல்லப்படுபவற்றில் முதலாவது வயது. 'முப்பதைத் தாண்டியும் பயிற்சியிலா இருப்பாய்?' என்று கேட்கிறார்கள். மருத்துவக் கல்லூரி நான்காண்டு. அதன்பின் துறைக்கேற்ப மூன்று முதல் ஏழாண்டு வரை உறைவிடப் பயிற்சி. பிந்தி வந்தவர் என்றில்லை, பதினெட்டு வயதிலேயே முடிவெடுத்தவரும் முப்பதை ஒட்டியோ தாண்டியோதான் முழு மருத்துவராகிறார். இன்று அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளில் சேர்பவர்களில் பெரும்பாலோர் பட்டத்துக்குப் பின் ஓராண்டோ அதற்கு மேலோ இடைவெளி விட்டவர்களே. முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீளும் தொழில் வாழ்க்கையில் ஓராண்டு பெரிய தொகையன்று.

இரண்டாவது பணம். இது கனமான ஆட்சேபம். தத்துவம் பேசி இதைத் தள்ளிவிடக் கூடாது. பட்டப் படிப்புக்குள்ளேயே முன்படிப்புகளை முடித்தால், கல்லூரி தரும் உதவித்தொகையிலேயே அவை அடங்கிவிடும். பட்டத்துக்குப் பிறகு படிக்கும் ஒவ்வொரு பாடத்துக்கும் கையிலிருந்து கொடுக்க வேண்டியிருக்கும். பிந்தி வந்தவர்களுக்கென்றே தனிப் படிப்புகள் உள்ளன. கொலம்பியா பல்கலைக்கழகம் 1955 முதல் அத்தகைய ஒன்றை நடத்துகிறது. பிரின் மார், கவுச்சர் ஆகிய கல்லூரிகளின் படிப்புகளும் பெயர் பெற்றவை. நல்ல வழிகாட்டலும் சில மருத்துவக் கல்லூரிகளோடு நேரடித் தொடர்பும் அங்கே கிடைக்கும். செலவும் அதற்கேற்றது. அதே பாடங்களை மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில், வேலை பார்த்துக்கொண்டே, தனித்தனியாகப் படித்துக்கொள்ளலாம். பெயருக்காகக் கடன் வாங்க வேண்டியதில்லை. பின்னால் வரவிருக்கும் செலவு இதைவிடப் பன்மடங்கு. 2025இல் இயற்றப்பட்ட சட்டம் ஒன்று, மருத்துவம் போன்ற தொழிற்படிப்புகளுக்கு 2026 ஜூலை முதல் புதிதாகக் கடன் பெறுவோருக்கு, நடுவண் அரசின் கடனை ஆண்டுக்கு 50 ஆயிரம் டாலர், மொத்தம் இரண்டு லட்சம் டாலர் என வரையறுத்திருக்கிறது. பல தனியார் மருத்துவக் கல்லூரிகளில் ஓராண்டுக் கட்டணமே அந்த ஆண்டு வரம்பை மிஞ்சும். நியூயார்க் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரி 2018இலும், ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரி ரூத் காட்ஸ்மன் அளித்த நூறு கோடி டாலர் கொடையினால் 2024இலும் கல்விக் கட்டணத்தை நீக்கின. ஆனால் இவை விதிவிலக்குகள். விதிவிலக்கை நம்பிக் குடும்பக் கணக்கு எழுதலாகாது.

பணத்தைச் சொல்லும்போது இன்னொரு உண்மையையும் சொல்ல வேண்டும். பிந்தி வருவோருக்குக் கதவு திறந்திருக்கிறது என்று அமெரிக்கர்கள் பெருமைப்படுவதில் நியாயம் உண்டு. ஆயினும் அந்த வாசலைக் கடக்கப் பெற்றோரின் சேமிப்போ கடன் வாங்கும் துணிவோ வேண்டியிருக்கிறது. வசதி குறைந்த வீட்டுப் பிள்ளை விரைவு வழியைத் தேர்ந்தால் அது அறியாமையினால் அன்று. ஆகவே நிதானம் என்ற அறிவுரையோடு அதற்கான வழியும் சொல்லப்பட வேண்டும்: உதவித்தொகை உள்ளவரை கல்லூரிக்குள் வேதியியலைத் தொடங்கிவிடுங்கள், மீதியை மலிவான மாநிலக் கல்லூரிக்கும் சம்பளம் தரும் வேலைக்கும் இடையே பங்கிடுங்கள்.

நம்மவர் குடும்பங்கள் சிலவற்றுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஹெச்-1பி விசாவில் இருக்கும் பெற்றோரின் பிள்ளைகள் ஹெச்-4 விசாவில் வளர்கிறார்கள். இருபத்தொரு வயதானதும் அந்த உரிமை முடிந்துவிடுகிறது. மாணவர் விசாவுக்கு மாற வேண்டியிருக்கிறது. இருபத்தொரு வயது என்பது பெரும்பாலும் கல்லூரியின் மூன்றாம், நான்காம் ஆண்டு; இந்தப் பிந்திய முடிவு பிறக்கும் அதே பருவம். குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ இல்லாதவர்களை அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளில் பல ஏற்பதில்லை. ஏற்பவையும் மிகச் சிலரையே எடுக்கின்றன. இந்நிலையிலுள்ள மாணவர் வேதியியலுக்குப் பதிவு செய்யும் முன்பே, தம்மை ஏற்கக்கூடிய கல்லூரிகள் எவை என்று பட்டியலிட்டுக்கொள்வது நல்லது. பிள்ளையின் ஆசையில் மண் போடுவதாக எண்ணிப் பெற்றோர் இதைச் சொல்லாமல் மறைப்பதுதான் பின்னால் பெருந்துயரமாகிறது.

பாடத்திட்டங்களில் பலர் எழுத மறக்கும் ஒரு வரியை நான் முதல் வரியாக எழுதுவேன்: வேதியியலுக்கு முன் நோயாளிகளைப் போய்ப் பாருங்கள். கரிம வேதியியலில் 'ஏ' வாங்கியதனால் ஒருவர் மருத்துவத்துக்கு ஏற்றவர் என்று தெரிந்துவிடாது. அப்பாடம் சோதிப்பது உழைப்பையும் பொறுமையையும். எடுத்த முடிவு சரிதானா என்பதைச் சோதிக்கும் இடம் மருத்துவமனை. மேற்சொன்ன மாணவிக்கு ஜனவரியில் வேதியியல் வகுப்பு கிடைக்கவில்லை அல்லவா? அந்தப் பருவத்தை இதற்குப் பயன்படுத்தலாம். வாரத்தில் ஒரு நாள் மருத்துவமனையிலோ முதியோர் இல்லத்திலோ இறுதிக்காலப் பராமரிப்பு நிலையத்திலோ தன்னார்வலராகச் செல்லலாம். மருத்துவர் ஒருவரின் பின்னால் நின்று அவர் நாளைப் பார்க்கலாம். பின்னர் ஆம்புலன்ஸ் பணியாளராகப் பயிற்சி பெறலாம்; மருத்துவர் சொல்லச் சொல்லக் குறிப்பெடுக்கும் வேலையில் சேரலாம். மருத்துவக் கல்லூரிகள் விண்ணப்பத்தில் இவற்றை எதிர்பார்க்கின்றன என்பது உண்மை. அதைவிட முக்கியம், ஆறு மாதத்துக்குப் பிறகும் அங்கே போக மனம் விரும்புகிறதா என்பது. விரும்பவில்லை என்றால் அதையும் ஒரு பயனாகக் கொள்ள வேண்டும். ஐந்து பருவ வேதியியலும் பல்லாயிரம் டாலரும் மிச்சம். விரைவு வழியில் இந்தச் சோதனைக்கு இடமே இருப்பதில்லை. முடிவு உறுதியாவதற்குள் விண்ணப்பம் போய்விடுகிறது.

கடைசியாக இலக்கியம். மருத்துவ முடிவு எடுத்தவுடன் இலக்கியத் துறையை விட்டு உயிரியலுக்கு மாறிவிடலாமா என்று மாணவர்கள் கேட்கிறார்கள். மாற வேண்டாம் என்பேன். தேவைப்படுவது அந்தப் பத்துப் பாடங்களே. உயிரியல் பட்டம் அன்று. இலக்கியம், வரலாறு, தத்துவம் படித்து விண்ணப்பிப்பவர்களில் இடம் பெறுவோரின் விகிதம் உயிரியல் மாணவர்களின் விகிதத்தைவிடக் குறைவாக இல்லை என்பதை மருத்துவக் கல்லூரிகளின் சங்கம் ஆண்டுதோறும் வெளியிடும் அட்டவணைகள் காட்டுகின்றன. இதை வைத்து இலக்கியம் படித்தால் இடம் உறுதி என்று வாதிடுவதும் தவறு. அவ்வாறு விண்ணப்பிப்பவர்கள் எண்ணிக்கையில் குறைவு. பலமுறை யோசித்துத் துணிந்தவர்கள். நியூயார்க்கின் மவுண்ட் சைனாய் மருத்துவக் கல்லூரி 1987இல் ஒரு முயற்சியைத் தொடங்கியது. கலைத்துறை மாணவர்களை இரண்டாம் ஆண்டிலேயே தேர்ந்து, எம்கேட் தேர்வும் முழு அளவிலான கரிம வேதியியலும் இயற்பியலும் இல்லாமல் சேர்த்துக்கொண்டது. 2010இல் வெளியான ஆய்வின்படி, முதற்கட்ட உரிமத் தேர்வில் அவர்கள் சற்றுக் குறைவாகவே மதிப்பெண் பெற்றனர். மருத்துவப் பயிற்சியில் மற்றவர்களுக்கு இளைத்தவர்களாக இல்லை. இலக்கியம் மருத்துவருக்குத் தடையில்லை என்ற அளவுக்கு இந்த ஆய்வு சான்று. அதற்கு மேல் இழுக்க வேண்டாம். இலக்கியம் படித்தவர் இரக்கம் மிக்கவர் என்று விண்ணப்பக் கட்டுரையில் எழுதிக்கொள்வோரைப் பார்த்தால் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. நல்ல வாசகர்களில் கல்நெஞ்சர் எத்தனையோ பேர். வாசிப்பு தருவது வேறொன்று: ஒருவர் சொல்லும் கதையில் சொல்லாமல் விட்டது எது என்று கவனிக்கும் பழக்கம். நோயாளியின் முன் அது பயன்படும், பயன்படாமலும் போகலாம்.

பால் கலாநிதியின் வாழ்க்கை நம் வாசகர்களில் பலர் அறிந்தது. தென்னிந்தியாவிலிருந்து சென்ற பெற்றோருக்குப் பிறந்தவர். தந்தை இதய மருத்துவர். ஸ்டான்ஃபோர்டில் ஆங்கில இலக்கியமும் மனித உயிரியலும் படித்து, ஆங்கிலத்தில் முதுகலைப் பட்டமும் பெற்றவர். வால்ட் விட்மனைப் பற்றி ஆய்வேடு எழுதியவர். மருத்துவம் என்ற முடிவு அதற்குப் பிறகே வந்தது. விட்டுப்போன முன்படிப்புகளை முடித்தார். விண்ணப்ப இடைவெளியைக் கேம்பிரிட்ஜில் அறிவியல், மருத்துவம் ஆகியவற்றின் வரலாறும் தத்துவமும் பயில்வதில் கழித்தார். பிறகு யேல் மருத்துவக் கல்லூரி, 2007இல் பட்டம், ஸ்டான்ஃபோர்டில் நரம்பு அறுவையியல் பயிற்சி. 2015 மார்ச்சில், முப்பத்தேழு வயதில், புற்றுநோயால் இறந்தார். அவருடைய தன்வரலாறு 2016இல் வெளிவந்து உலகெங்கும் வாசிக்கப்பட்டது. உயிரியல் பட்டமும் இருந்ததால் அவர் முதற்படியிலிருந்து தொடங்க வேண்டியிருக்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். இத்தனை குறுகிய ஆயுளில், இலக்கியத்துக்கும் தத்துவத்துக்கும் கொடுத்த ஆண்டுகளை மருத்துவத்துக்கே கொடுத்திருக்கலாமே என்று ஒருவர் கணக்குப் போடலாம். அந்த ஆண்டுகள் இல்லாமல் அந்தப் புத்தகம் இல்லை என்பது என் பதில். அது போன்றதொரு புத்தகம் எல்லோரிடமிருந்தும் வராது; வர வேண்டியதுமில்லை. இடைவெளியைக் காத்திருப்பாகக் கழிக்காமல் படிப்பாகக் கழித்தார் என்பதே மாணவர்கள் எடுத்துக்கொள்ளத்தக்கது.

பெற்றோருக்கு ஒரு சொல். பிள்ளை மூன்றாம் ஆண்டில் வந்து மருத்துவம் என்று சொன்னால், 'அப்போதே சொன்னேனே' என்ற வாக்கியத்தைத் தயவுசெய்து விழுங்கிவிடுங்கள். பதினெட்டு வயதில் உங்கள் ஆசைக்காகச் சேர்ந்திருந்தால் உங்களுடைய முடிவாக இருந்திருக்கும். இருபது வயதில் வேறொன்றைப் படித்து, அதையும் நேசித்து, பிறகு இதைக் கேட்கிறாள் என்றால் முடிவு அவளுடையது. ஐந்து பருவ வேதியியலையும் அதன்பின் வரும் இரவுப் பணிகளையும் தாங்குவதற்கு அந்தச் சொந்தம் வேண்டும். எத்தனை ஆண்டு ஆகும் என்ற கேள்வியை ஒரு மாதம் ஒத்திவைத்து, எந்தக் கல்லூரியில், எந்தக் கோடையில் பொது வேதியியல் கிடைக்கும் என்று அவளோடு உட்கார்ந்து பாருங்கள்.